பையை நீங்கள்தான் அடுக்கினீங்களா?

மலிவு விமானக் கம்பனியில் எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிடும். ஆனால் உண்மை சொன்னதற்கும் கட்டணம் உண்டு என்பதை, கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் இருக்கிற தவமணி அன்ரியிடம் அது வாங்கப்பட்ட அன்றுதான் நானே அறிந்தேன்.

அந்த வழக்குக்கு வருகிறேன். அதற்கு முன் நான் யார் என்று சொல்லவேண்டும். 2009இல் நான் யூனிவேர்சிற்றியில் சட்டம் இரண்டாம் வருஷம். சனி ஞாயிறுகளில், பெயரில் மட்டும் லண்டன் இருக்கிற ஒரு விமான நிலையத்தில், கழுத்தில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு சூட்கேஸ் நிறுக்கிற வேலை. "வாய் காட்டுறவளுக்குக் கவுண்டரிலை ஆர் வேலை குடுத்தது?" என்று அம்மா ஆச்சரியப்பட்டா. கம்பனியும் கொஞ்ச நாளில் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியது.

எங்கள் கம்பனி ஆளை ஏறக்குறையச் சும்மா ஏற்றும். ஆளோடு வருவதற்கெல்லாம் காசு வாங்கும். சூட்கேஸுக்குக் காசு, சூட்கேஸ் கொழுத்தால் காசு, முன்னுக்கு ஏறக் காசு, போர்டிங் அட்டையை நாங்கள் அச்சடித்தால் காசு. அதற்கு அங்கால் பாதுகாப்புச் சோதனை. அங்கே காசு இல்லை, மானம். சப்பாத்தைக் கழட்டு, பெல்ட்டைக் கழட்டு, தண்ணீரைக் குடி அல்லது கொட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நெரிபட்ட உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள்தான், ஆனால் என் மனம் முழுக்க உங்கள் பக்கம்தான் நின்றது. அந்த வருஷம் எங்கள் ஆட்களுக்குச் சிரிக்க அதிகம் இருக்கவில்லை. கிடைத்த இடத்தில் சிரித்துக்கொண்டோம்.

கூண்டு

கவுண்டருக்குப் பக்கத்தில் கம்பியால் செய்த ஒரு கூண்டு நிற்கும். கைப்பை அதற்குள் இறங்கினால் சும்மா. இறங்காவிட்டால் கட்டணம். நீங்களும் அதன்முன் நின்றிருப்பீர்கள். பையைக் கையால் அமத்தி, பிறகு முழங்காலால் அமத்தி, உள்ளே போனதும் சிரித்து, பிறகு வெளியே எடுக்க வராமல் கூண்டையும் சேர்த்துத் தூக்கியிருப்பீர்கள்.

ஸ்ட்ரெதமில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவர் மச்சானின் கலியாணத்துக்கு ஜெனீவா போக வந்தார். பை இறங்கவில்லை. நான் கட்டணத்தைச் சொன்னேன். அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பையைத் திறந்து சேட்டுக்கு மேல் சேட்டாக மூன்று போட்டார். காற்சட்டைக்கு மேல் காற்சட்டை இழுத்தார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெல்ட். பட்டு வேட்டியைக் கழுத்தில் மப்ளர் மாதிரிச் சுற்றினார். கோட்டின் இடப்பக்கப் பைக்குள் ஒரு சப்பாத்து, வலப்பக்கத்துக்குள் மற்றது. இப்போது பை கூண்டுக்குள் பூனைக்குட்டி மாதிரி இறங்கியது. கம்பனிச் சட்டம் பையைத்தான் அளக்கச் சொல்கிறது, ஆளை அல்ல. நான் அவருடைய போர்டிங் அட்டையைத் திருப்பி நீட்டினேன். அவர் கால் இரண்டையும் அகட்டி வைத்து, தைப்பொங்கலுக்கு வாங்கிய பானை உருண்டு போவது போலப் போனார்.

என் தேநீர் இடைவேளையில் பாதுகாப்புப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அண்ணைக்கு முன்னால் பிளாஸ்டிக் தட்டுகள் வரிசையாக இருந்தன. கோட்டு ஒரு தட்டில், வேட்டி இன்னொன்றில். மூன்றாவது பெல்ட்டைக் கழட்டிக்கொண்டு, ஒரு கையால் காற்சட்டைகளைப் பிடித்தபடி என்னைக் கண்டார். "தங்கச்சி, அங்கை நீங்கள் உடுத்தச் சொல்லுறியள், இங்கை இவையள் கழட்டச் சொல்லுறாங்கள். நான் என்ன ஆளோ, உடுப்புக் காயப்போடுற கொடியோ?"

உறைந்த நெய்

பாதுகாப்புச் சோதனை எங்கள் கம்பனியின் வேலை அல்ல. ஆனால் அங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். கையில் கொண்டுபோகக் கூடாததைச் சூட்கேஸாகப் போடலாம், அதற்கொரு கட்டணம். அவர்கள் பிடுங்க, நாங்கள் வாங்க, இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்கிறார்கள் என்று நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். பேசிவைக்கவில்லை. பேசிவைக்காமலே இவ்வளவு பொருத்தமாக நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

பெப்ரவரி, வெளியே பனி முழங்காலளவு. இத்தாலியின் வெயில் ஊரான பலெர்மோவில் இருக்கிற மகனிடம் போகிற ஒரு அன்ரி ஒரு போத்தல் நெய் வைத்திருந்தா. நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அன்ரி போத்தலைத் திறந்து தலைகீழாகக் கவிட்டுப் பிடித்தா. "தண்ணியெண்டா ஊத்தும். இது ஊத்துதோ எண்டு கேளுங்கோ." நெய் அசையவில்லை. நான் மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை, என்னால் ஏலாது. திரவம் என்றால் ஓடவேண்டும், ஓடாததைத் திரவம் என்பது சட்டத்துக்கு மட்டுமல்ல பௌதிகத்துக்கும் விரோதம் என்று அந்த அதிகாரிக்கு விளங்கப்படுத்தினேன். அவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த, அவசரமே இல்லாத மனிதர். நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார். அன்ரியின் போர்டிங் அட்டையை எடுத்து எந்த ஊர் என்று பார்த்தார். பிறகு சொன்னார்: "பலெர்மோவில் இறங்கினபிறகு இதே மாதிரிக் கவிட்டுப் பிடிக்கச் சொல்லு. சேலை நனையாவிட்டால் எனக்கு எழுதிப் போடட்டும்."

கடதாசிக்குக் கவசம்

போர்டிங் அட்டையை வீட்டிலேயே அச்சடித்துக் கொண்டுவரவேண்டும். மறந்தால் நாங்கள் அச்சடித்துத் தருவோம். அந்த ஒரு தாளின் விலைக்கு ஒரு புத்தகக் கடையில் பாதி அலுமாரி வாங்கலாம். ஆகவே சனம் பயந்து பயந்து அச்சடித்துக் கொண்டுவரும். சிலர் இரண்டு பிரதி. ஒருவர் கலரில்.

குரோய்டனிலிருந்து வந்த அங்கிள் ஒருவர் அதை லமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். நல்ல தடிப்பான பிளாஸ்டிக், மூலைகள் வட்டமாக வெட்டியது. கவுண்டரில் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை விமான வாசலில். அங்கே நின்ற மாரெக், போலந்துப் பொடியன், அட்டையின் ஒரு துண்டைக் கிழித்து வைத்துக்கொள்ளவேண்டும். அவன் கையால் இழுத்தான். மேசை விளிம்பில் வைத்து மடித்தான். கத்தரிக்கோல் தேடினான். பாதுகாப்புச் சோதனைக்கு அங்கால் கத்தரிக்கோலுக்கு அனுமதி இல்லை. பின்னால் நின்ற சனம் முணுமுணுக்க, புது அட்டைக்கு அங்கிளிடம் கட்டணம் வாங்கு என்று எங்கள் சுப்பர்வைசர் டெபி வோக்கி-டோக்கியில் சொன்னா. நான் வாசலுக்கு ஓடிப்போய் மாரெக்கின் வோக்கி-டோக்கியை வாங்கினேன். "அட்டை கொண்டுவரச் சொன்னீங்கள், கொண்டுவந்திருக்கிறார். கொண்டுவந்த அட்டை மற்ற எல்லாருடையதையும் விட நல்ல நிலையில் இருக்கிறது. கவனமாக இருந்ததற்கா தண்டம்?" டெபிக்கு அன்று தலையிடி. அட்டையின் இலக்கத்தைக் கையால் எழுதி வைக்கச் சொல்லிவிட்டா.

உள்ளே போகிற அங்கிளிடம் மெதுவாகக் கேட்டேன், ஏன் அங்கிள், ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு என்று. அவர் அட்டையைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துத் தட்டிக்கொண்டார். "விசாவுக்கு ஹோம் ஒஃபீஸ் தந்த கடதாசி ஒண்டு மழையிலை நனைஞ்சதாலை நான் ரெண்டு வருஷம் அலைஞ்சனான், பிள்ளை. அதுக்குப் பிறகு என்ரை கையிலை ஆர் என்ன கடதாசி தந்தாலும் அண்டைக்கே பிளாஸ்டிக்."

கியூவில் தெரிந்த ஆள்

இனி அந்தக் கேள்விகள். சூட்கேஸை வாங்கும்போது நாங்கள் இரண்டு கேள்வி கட்டாயம் கேட்கவேண்டும். பையை நீங்கள்தான் அடுக்கினீங்களா? கொண்டுபோகச் சொல்லி யாராவது ஏதும் தந்தார்களா? வெள்ளைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டு "ஓம்", "இல்லை" என்பார்கள், அவர்களுக்கு அது உண்மையும்கூட.

எங்கள் ஆட்களை நினைத்துப் பாருங்கள். லண்டனில் ஒருவர் விமான ரிக்கற் எடுத்தால் அந்தச் செய்தி ரிக்கற்றுக்கு முதலே ஊரெல்லாம் போய்ச் சேரும். அன்று பின்னேரமே வாசல் மணி அடிக்கும். "சின்னப் பார்சல்தான், அங்கை வந்து எடுப்பினம்." சின்னப் பார்சல் ஒரு தலையணையளவு இருக்கும். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. கொண்டுபோகமாட்டேன் என்பது அதைவிட மரியாதை இல்லை. ஐரோப்பாவில் எங்களுக்குத் தபால்கந்தோரே தேவைப்படாமல் போனதற்கு இதுதான் காரணம். அதனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்தக் கேள்விகளுக்குப் பொய்தான் சொன்னார்கள். பொய் என்று தெரியாமலே சொன்னார்கள்.

ஒரு நாள் ஒரு அக்காவின் சூட்கேஸ் நிறை கூடிவிட்டது. நிலத்தில் விரித்துவைத்து எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தா. பின்னால் ஒரு தம்பி, கையில் பாதி காலியான சின்னச் சூட்கேஸ். "அக்கா, என்ரைக்குள்ளை இடம் கிடக்கு, தாங்கோ." ஒரு பொதி அங்கிருந்து இங்கே மாறியது. என் கண்ணுக்கு முன்னால், ஐந்தடி தூரத்தில். அக்கா போனபின் தம்பி வந்தான். நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"தெரியாத ஆக்கள் ஏதும் தந்தவையோ?"

"இல்லை."

"தம்பி, இப்ப அந்த அக்கா தந்ததை நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், இவளும் தமிழ்ப் பிள்ளைதானா என்பது போல. "அவ தெரியாத ஆள் இல்லை. கியூவிலை கதைச்சுத் தெரிஞ்சுகொண்டனாங்கள், அவவின்ரை மச்சாளும் எங்கட பள்ளிக்கூடம்தான்."

பொதியைத் திறந்து பார்த்தோம். பனங்கிழங்கு ஒடியல். நேரம் நிறைய இருந்ததால் அவனை விட்டார்கள். நேரம் நிறைய இருந்ததால் என்பதைக் கவனியுங்கள், வழக்குக்கு அது முக்கியம்.

தவமணி அன்ரி

தவமணி அன்ரிக்கு ஜெர்மனியில், டோர்ட்முண்டில், ஒரே மகள். மகளுக்குப் பிள்ளை பிறந்து, பயணத்துக்கு அடுத்த நாள் முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிற சடங்கு. அன்ரிக்கு வேலைத்தலத்தில் அதற்கு முதல் லீவு கிடைக்கவில்லை. முழங்காலில் வருத்தம், குனிந்து சூட்கேஸ் அடுக்க ஏலாது. பக்கத்து வீட்டு ராணி அக்காதான் அடுக்கிக் கொடுத்தா. குட்மேய்ஸில் பயணம் போகிற எல்லாருக்கும் அவதான் அடுக்குவாவாம். அவ அடுக்கிய சூட்கேஸை வேறு யாரும் திறந்தால் திரும்ப மூட வராதாம். அடுக்கினதோடு நில்லாமல், பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சரக்குத்தூளையும் தானே வறுத்து இடித்து, பொலித்தீனில் கட்டி, நடுவில் வைத்துவிட்டா.

அன்ரி பிந்தி வரவில்லை. கியூதான் நீளம், கவுண்டர் திறந்தது இரண்டு. என் முன் வந்தபோது மூடுவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நான் கேட்டேன், தமிழிலேயே கேட்டேன். டெபி என் தோளுக்குப் பின்னால் நின்றா.

"அன்ரி, இந்தப் பையை நீங்கள்தான் அடுக்கினீங்களா?"

"இல்லைப் பிள்ளை. எனக்குக் குனிய ஏலாது. ராணிதான் அடுக்கினவ."

"ஆரும் ஏதும் தந்துவிட்டவையோ?"

"ஓம். அவதான் சரக்குத்தூள் தந்தவ. நல்ல கைப்பக்குவம்."

என்ன சொல்கிறா என்று டெபி கேட்டா. நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது: கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் என்ன? ஏன் மாற்றவேண்டும்? கேள்வி கேட்டது கம்பனி. பதில் சொன்னது அன்ரி. அந்தக் கேள்விக்கு அந்தக் கவுண்டரில் அந்த மாதம் கிடைத்த ஒரே ஒழுங்கான பதில் அது. அதைப் பொய்யாக்க நான் யார்? சொன்னபடி சொன்னேன்.

சூட்கேஸைத் தனியே கொண்டுபோய்த் திறந்தார்கள். கறுப்புத் தூள், பெயரில்லாத பொதி. ஒரு அதிகாரி மணந்து பார்த்து ஆறேழு தரம் தும்மினார். நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது ஒருமுறை மூச்சிழுத்துவிட்டு, தன்னைக் கொண்டுவந்தவருடைய காலுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டது. கடைசியில் இது மிளகும் மல்லியும் மஞ்சளும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டு, கைலாகு கொடுத்து, சூட்கேஸைத் திருப்பித் தந்தார்கள். மூட வரவில்லை. மூன்று பேர் அதன்மேல் ஏறி இருந்தார்கள். அதற்குள் கவுண்டர் மூடிவிட்டது.

விமானம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது. ஆனால் கவுண்டர் மூடினால் மூடினதுதான். தவறவிட்டவர் அடுத்த விமானத்துக்குத் தனிக் கட்டணம் கட்டவேண்டும். அடுத்த விமானம் மறுநாள் மத்தியானம். கழிவு காலையில். அன்ரி பணத்தைக் கட்டினா. பிறகு மூடாத சூட்கேஸைக் கையால் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டா: "அவையள் கேட்டவை, நான் சொன்னனான். இதிலை என்ரை பிழை எது, பிள்ளை?"

டெபியோடு ஒரு வழக்கு

டெபி பொல்லாத ஆள் இல்லை. எசெக்ஸ்காரி, எல்லாரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவா, கட்டணம் வாங்கும்போதும். அன்று வேலை முடிந்து அவ சிகரெட் பத்தவைத்த இடத்தில் போய் நின்று தொடங்கினேன்.

முதலாவது, கேள்வி கேட்பது உண்மையை அறியத்தானே? இரண்டாவது, உண்மை சொன்னவர் விமானத்தைத் தவறவிட்டுக் கட்டணமும் கட்டுகிறார், பொய் சொன்னவர் ஜன்னலோரம் இருந்து போகிறார். ஆகவே மூன்றாவது, நாங்கள் சனத்துக்குப் பொய் சொல்லப் பழக்குகிறோம். அப்படியென்றால் பாதுகாப்பு எங்கே? உண்மையிலேயே குண்டு கொண்டுவருகிறவன் "நான் அடுக்கவில்லை, பக்கத்து வீட்டு ராணி அடுக்கினா" என்றா சொல்லப்போகிறான்?

அந்தச் சொல்லை இங்கே சொல்லாதே என்று டெபி அக்கம்பக்கம் பார்த்தா. நான் குரலைத் தாழ்த்தி, ஆனால் நிறுத்தாமல், நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் போனேன். சிகரெட் முடிந்தது. இன்னொன்று பத்தவைத்தா. அதுவும் முடிந்தது. "லவ், நீ சொல்றது எல்லாம் சரி. ஆனா உன்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் இங்கே வேலைக்கு வந்தா, ஒரு பிளேனும் நிலத்தை விட்டு எழும்பாது."

இரண்டு தரப்பு வக்கீல்

அன்ரி டோர்ட்முண்ட் போனபோது ஐயர் போய்விட்டார், பிள்ளை நித்திரை, சனம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தது. அவ திரும்பி வந்ததும் நான் குட்மேய்ஸுக்கு அவ வீட்டுக்குப் போனேன், முறைப்பாடு எழுத. முறைப்பாட்டுக்குக் கம்பனி ஒரு தொலைபேசி இலக்கம் வைத்திருந்தது. அதில் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கட்டணம். ஆகவே கடிதம். என்ன கேட்கவேண்டும் என்று அன்ரியிடம் கேட்டேன். "காசு திரும்பித் தந்தா வேண்டாமெண்டு சொல்லமாட்டன். ஆனா எனக்கு ஒரு வரிதான் வேணும். உண்மை சொன்னது பிழை இல்லை எண்டு அவையள் எழுதித் தரட்டும்." ராணி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, மூடாமல் போன சூட்கேஸைப் பற்றி மட்டும் கவலைப்பட்டா: "திறந்ததுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

கடிதத்தில் அன்ரியின் பெயர்தான். ஆனால் நாலு கிழமை கழித்து டெபி என்னை அறைக்குக் கூப்பிட்டா. மேசையில் அந்தக் கடிதம். "முதலாவது, இரண்டாவது, ஆகவே மூன்றாவது" என்று வாசித்துக் காட்டினா. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். என் முகம் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிற முகமாக மாறியிருக்கவேண்டும். டெபி கதவைச் சாத்தினா. தலைமையகத்தில் இதற்கு என்ன பதில் எழுதுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். கவுண்டரில் நடந்ததால் கவுண்டரே பதிலுக்கு ஒரு வரைவு எழுதி அனுப்பட்டுமாம். "நல்ல இங்கிலிஷ் எழுதுகிற ஆள் எங்களிடம் நீ மட்டும்தான், லவ்."

ஒரே வழக்கில் இரண்டு தரப்புக்கும் ஆஜராகக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வருஷமே படிப்பித்தது. அதைச் சொன்னேன். ஐந்து நிமிஷம் வாதாடினேன். பிறகு இருந்து எழுதினேன், ஏனென்றால் அன்ரி கேட்ட அந்த ஒரு வரியைக் கம்பனியின் பெயரில் எழுத இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. எழுதினேன்: எங்கள் கேள்விக்கு நீங்கள் உண்மையாகப் பதில் சொன்னது பிழை அல்ல. டெபி வாசித்தா, தலையாட்டினா, அனுப்பினா.

அன்ரிக்கு வந்த கடிதத்தில் என் தொடக்கம் இருந்தது, என் முடிவு இருந்தது, நடுவில் இருந்த அந்த வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வவுச்சர் இருந்தது. அடுத்த பயணத்துக்குப் பாவிக்கலாம். பாவிப்பதற்கு ஒரு சின்ன நிர்வாகக் கட்டணம் உண்டு. கொண்டுபோய் டெபியின் மேசையில் வைத்தேன். அந்த வரி இருந்திருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தேன்.  டெபி கடிதத்தை எடுத்து வாசித்தா. "வரியை என்னால் போட ஏலாது. ஆனால் இனி அந்தக் கேள்விகளைக் கவுண்டரில் வைத்துக் கேட்காதே, கியூவின் வாலில் போய்க் கேள். யாராவது உண்மை சொல்லித் தொலைத்தால், திறந்து பார்க்கவாவது நேரம் இருக்கும்."

வால் பக்கம்

அதற்குப் பிறகு சனி ஞாயிறுகளில் நான் கியூவின் வாலில் நின்றேன். ஒரு விஷயம் கண்டேன். நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் சனம் அவ்வளவு பொய் சொல்லாது. "ஓம், மாமி தந்தவ, திறந்து பாக்கட்டோ?" என்று தாங்களே குந்தியிருந்து திறந்தார்கள். பருத்தித்துறை வடை, முருங்கை விதை, யாரோ யாருக்கோ அனுப்பிய அரைப் பவுண் தோடு, கல்லு மாதிரி உறைந்த ஒரு கோழிக்கறி. நான் எதையும் பிடுங்கவில்லை. பார்த்துவிட்டு மூட உதவி செய்தேன்.

கார்த்திகை மாதம், மழை. பேரப்பிள்ளைக்கு முதல் சோறு தீத்துகிற சடங்குக்குப் போக அன்ரி வவுச்சரோடு வந்தா. நிர்வாகக் கட்டணத்தையும் கட்டியிருந்தா. சூட்கேஸ் முன்பை விடப் பெரிசு. பக்கத்தில் ராணி அக்கா, கோட்டுப் போட்டு, கையில் குடையும் பஸ் ரிக்கற்றும். அவவும் போகிறாவாக்கும் என்று நினைத்தேன். போர்டிங் அட்டை ஒன்றுதான் இருந்தது.

டெபி கவுண்டரை விட்டு எழும்பி வந்து என் பின்னால் நின்றா. போன தடவை நடந்தது அவவுக்கும் மறக்கவில்லை.  அன்ரி இந்தமுறை மற்றவர்களைப் போல "ஓம், நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். போனால் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அப்படிச் சொன்னால் வழக்கில் வென்றது கம்பனிதான். ஒருவரைப் பொய் சொல்லப் பழக்கி முடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

"அன்ரி, இந்தப் பையை நீங்கள்தான் அடுக்கினீங்களா?"

எங்கள் கம்பனியின் கட்டணப் பட்டியல் முழுக்க எனக்கு மனப்பாடம், ஆனால் அன்று கியூவின் வாலில் கிடைத்த பதிலுக்கு மட்டும் அதில் ஒரு விலையும் போட்டிருக்கவில்லை:

"நான் அடுக்கேல்லைப் பிள்ளை. அடுக்கினவவைக் கையோடை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன், திறக்கிறதெண்டாத் திறவுங்கோ, மூடுறதுக்கு அவ நிக்கிறா."